வண்டி சூடாயிடுச்சு

"இது வண்டியா, ஓட்டைச் சட்டியா? இப்பதானே நிறுத்தினே, மறுபடியுமா?"

மாமியார் போட்ட சத்தத்துல பெட்ரோல் பங்க்ல தூங்கிட்டிருந்த நாய் எழுந்து வேற இடம் பார்த்துப் போயிடுச்சு. தெருவுல அந்தம்மாவுக்குப் பேரே சைரன்.

டிரைவர் பாவம், பானெட்டைத் தூக்கினான். "ரேடியேட்டர் சூடாயிடுச்சும்மா. தண்ணி ஊத்தணும்."

"ஊத்து, ஊத்து! ஏம்மா மருமகளே, எறங்கு. பாத்ரூம் வரைக்கும் எனக்குத் துணைக்கு வா."

மருமகளுக்கு உள்ளுக்குள்ள ஒரே கொண்டாட்டம். யார் வண்டி கெட்டா என்ன, தனக்கு வழி பொறந்துச்சே!

அவ கதை அப்படி. யூரின்ல இன்ஃபெக்‌ஷன். மாத்திரை போட்டா போகும். வழியனுப்பிட்டுத் திரும்பறதுக்குள்ள மறுபடி வந்து கதவைத் தட்டும். எரிச்சல்னா எரிச்சல், மிளகாயை அரைச்சுத் தடவின மாதிரி. சினிமாவா, வேணாம். கல்யாணமா, தலைவலி. மீறிப் போனாலும் அவ கண்ணு முதல்ல தேடறது பொண்ணு மாப்பிள்ளையை இல்ல, பாத்ரூமை. அக்கா குழந்தை தவழவே ஆரம்பிச்சாச்சு, இன்னும் போய்ப் பார்க்கல. இந்தத் தடவையும் போகலேன்னா அக்கா இவ மூஞ்சிலயே முழிக்க மாட்டா.

அதான் துணிஞ்சு குடும்பத்தோட வேன்ல ஏறிட்டா. தண்ணி குடிச்சாத்தானே வம்புன்னு காலையிலேர்ந்து நாக்கைக்கூட நனைக்கல. நிறுத்தச் சொல்ல வாய் வருமா? முன்ன ஒரு தடவை கேட்டதுக்கு மாமனார், "பொம்பளைங்களைக் கூட்டிட்டு வந்தா மைல்கல்லுக்கு மைல்கல் நின்னுதான் போகணும்"னு சொல்ல, புருஷன்காரனும் சேர்ந்து சிரிச்சான்.

இன்னைக்கு மாமனார் வசவெல்லாம் வண்டிக்கு.

"இந்தத் தண்ணி பாட்டிலைக் காலி பண்ணு"ன்னு சைரன் மறுபடி ஊதிச்சு. "மயங்கி விழுந்தா தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்ல."

பயத்துல குடிச்சா. கொஞ்ச தூரம் போனதும் வண்டி மறுபடி சூடு. மறுபடி வசவு, மறுபடி துணை.

ஒரு வழியா அக்கா வீடு வந்துச்சு. குழந்தையைக் கொஞ்சோ கொஞ்சுன்னு கொஞ்சிட்டு, வேன்ல மறந்துட்ட பையை எடுக்க வந்தவ காதுல டிரைவர் குரல் விழுந்துச்சு.

"ஏம்மா, புது வண்டிம்மா இது! நீங்க சொன்னீங்களேன்னு நல்ல பாத்ரூம் இருக்கிற பங்க்கா பார்த்துப் பார்த்து பானெட்டைத் தூக்கினேன். அதுக்கா இந்தத் திட்டு?"

"திட்டலேன்னா எங்க வீட்டு ஆம்பளைங்க நம்புவாங்களா?" சைரனுக்கு இவ்வளவு சின்னக் குரல் இருக்குன்னு மருமகளுக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. "குப்பையில மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சுப்பா. எனக்கும் சின்ன வயசுலேர்ந்து இதே தொல்லைதான். எனக்காக ஒரு வண்டியும் கெட்டுப்போகல. திரும்பிப் போறப்பவும் கெடட்டும் தம்பி."

திரும்பி வர்றப்ப, பாதி வழியில மாமியார் சீட்டுல நெளியறதை மருமக பார்த்துட்டா. விட்டா பாருங்க ஒரு சத்தம்!

"டிரைவர் அண்ணே! வண்டி சூடாகுது, கண்ணு தெரியலையா? நிறுத்துங்க! அத்தை, எனக்குத் துணைக்கு வாங்க!"

மாமனார் தலையில அடிச்சுக்கிட்டார். "போச்சுடா! ஒண்ணுக்கு ரெண்டு சைரன்!"

"ஒண்ணுக்குத்தான் அத்தை"ன்னு மருமக காதைக் கடிக்க, ரெண்டு சைரனும் சிரிச்சுக்கிட்டே எறங்கிச்சு.