அவளுக்குத் தண்ணி ஆவாது

"அத்தை, எனக்குத் தலைய சுத்துது. நான் வெளியில போயி நிக்கிறேன்."

"நின்னு?" புஷ்பவல்லி மருமகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த மே மாச வெயில்ல நின்னா சுத்தாத தலையும் சுத்தும். ஒக்காரு."

தேவயானி உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது? இடப்பக்கம் மாமியார், வலப்பக்கம் கணவன் முத்தமிழ்செல்வன், மடியில் ஆறு வயது மகள் தென்றல். போதாக்குறைக்குக் கூடாரத்தின் ஒரே வாசலில் கயிற்றைக் கட்டிவிட்டு ஒருவன் அதன் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டிருந்தான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்றே என்று திருமானூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பி, காலையில் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்தாயிற்று. அதோடு வீட்டுக்கு பஸ் ஏறியிருக்கலாம். அரியலூரில் 'நீர் சாகச நாடகம், தினமும் மூன்று காட்சிகள்' என்ற பேனரைப் பார்த்துவிட்டுத் தென்றல் ரோட்டில் உருண்டு அழுததில் வந்தது வினை.

"ஒங்கம்மாவுக்குத்தான் தண்ணின்னாலே பயமாச்சே," என்று முத்தமிழ்செல்வன் மகளிடம் சிரித்தான். "ஆடிப்பெருக்குக்குக் கொள்ளிடத்துல ஊரே முங்குது. இவ மட்டும் கரையில ஒக்காந்து சொம்புல மொண்டு ஊத்திக்கிறா."

உண்மைதான். எட்டு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. நாத்தனார்கள் யாராவது கையைப் பிடித்து இழுத்தால்கூட, "அவளுக்குத் தண்ணி ஆவாது, வுடுங்கடி," என்று புஷ்பவல்லியே அதட்டிவிடுவாள்.

கூடாரத்தின் நடுவில் கண்ணாடி முகப்பு வைத்த பெரிய இரும்புத் தொட்டி நின்றது. அதன் மூலையில் விரல் நீளத்துக்கு வெல்டிங் வைத்த தழும்பு. அதைப் பார்த்ததும்தான் தேவயானி வெளியில் போகிறேன் என்று எழுந்தாள். கம்பெனியின் பெயரை மாற்றியிருக்கிறார்கள், தொட்டியை மாற்றவில்லை.

பதின்மூன்று வயதிலிருந்து பதினேழு வயதுவரை அந்தத் தொட்டிக்குள்தான் அவள் குதித்தாள். அப்பா செத்த வருஷம் மாமன் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். மிஸ் ரூபா என்று பெயர் வைத்து, ஜிகினா உடை மாட்டி, முப்பதடி ஏணியில் ஏற்றிவிட்டார்கள்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்னது வேறு. திருச்சியில் சித்தி வீட்டில் தங்கித் தையல் படித்தாளாம். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே நீ மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா பயப்படுவதில் தப்பில்லை. தெருவில் எந்த வீட்டு மருமகள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலும் புஷ்பவல்லிக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும்.

நாடகம் தொடங்கியது. கடலரசன் இளவரசியைத் தூக்கிப் போனான். அவளை மீட்க ஏழு பெண்கள் துணியைப் பிடித்து ஊஞ்சலாடி, ஒவ்வொருத்தியாகக் கரணம் போட்டுத் தண்ணீரில் விழுந்தார்கள். தென்றல் கை வலிக்கத் தட்டினாள். தேவயானி முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

இடையில் குழந்தைகளுக்கு பலூன் கொடுக்க பபூன் வந்தான். முகமெல்லாம் வெள்ளைச் சாயம். ஆனாலும் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்ததிலேயே அது அவள் காலத்திலிருந்தே கம்பெனியில் இருக்கும் சாமிக்கண்ணு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குனிந்து தென்றலிடம் பலூனை நீட்டியவன் நிமிர்ந்தான். சிரித்த வாய் அப்படியே நின்றது.

"நீ... ரூ..."

தேவயானிக்கு உயிரே போய்விட்டது. கண்ணாலேயே அவனைக் கும்பிட்டாள்.

"என்னய்யா?" புஷ்பவல்லி எழுந்தேவிட்டாள். "குடும்பப் பொம்பளைய இப்புடியா மொறச்சிப் பாப்ப? பலூனக் குடுத்தமா, போனமான்னு இரு."

சாமிக்கண்ணு அடுத்த வரிசைக்கு நழுவினான்.

"அவன் என்னம்மா சொன்னான்?" என்று அம்மாவைக் கேட்டான் முத்தமிழ்செல்வன்.

"ஒண்ணுமில்ல. நீ நாடகத்தப் பாரு."

தேவயானிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாமியார் காதில் விழுந்திருக்குமா? விழாமல் எங்கே போகும்? பஸ்ஸிலேயே கேட்பாளா, வீட்டுக்குப் போய் நாலு பேரைக் கூட்டிவைத்துக் கேட்பாளா? எழுந்து ஓடவும் வழியில்லை.

"இப்ப லைட்ட அணைப்பான். புள்ளயக் கெட்டியாப் புடிச்சிக்க," என்றாள் புஷ்பவல்லி.

சொல்லி வாய் மூடவில்லை, விளக்குகள் அணைந்தன. தொட்டிக்கு மேலே ஒரு வளையத்தில் தீ பற்றியது.

"ரசிகப் பெருமக்களே, இதோ உங்கள் மிஸ் ரூபா!" என்று மைக் அலறியது.

பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவிகள். ஏணியின் உச்சியில் பதினைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண் நின்றிருந்தாள். இரண்டு பாதமும் ஒட்டாமல் விலகியிருந்தன.

அப்படிக் குதித்தால் இடுப்பு போய்விடும். தேவயானி சுற்றி இருப்பவர்களை மறந்துபோனாள். செருப்புக்குள் அவளுடைய கட்டைவிரல்கள் தாமாக ஊன்றிக்கொண்டன. "கால சேத்து வையிடி," என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் பக்கத்தில் மாமியார் இருப்பது நினைவுக்கு வந்தது. புஷ்பவல்லி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

அந்தப் பெண் குதித்தாள். வளையத்தைத் தாண்டி, கொஞ்சம் சாய்ந்து பொத்தென்று விழுந்தாள். தண்ணீர் தொட்டிக்கு மேலே எழும்பி நாலு வரிசையை நனைத்தது. மறு நிமிஷம் அவள் தலையைத் தூக்கிக் கையை ஆட்ட, கூடாரமே ஆரவாரம் செய்தது. முத்தமிழ்செல்வன் சிரித்துக்கொண்டே மகளின் தலையைத் துவட்டினான்.

புஷ்பவல்லி மட்டும் கைதட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மகன் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மருமகளின் காதருகே குனிந்தாள். எட்டு வருஷ வாழ்க்கை இதோடு முடிந்தது என்று தேவயானி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீ குதிச்சப்ப எம்மேல ஒரு சொட்டுத் தண்ணிகூடத் தெறிக்கலயேடி."