அமோஸ் பாலம்

"அமோஸ் எந்த வருஷம் இறந்தார்?" என்று கணினித் திரையில் இருந்த ஹாரியட் அம்மாள் கேட்டதும் தாமரைச்செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கல்வெட்டில் போட வேண்டுமாம்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், பழைய பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது அலுவலகம். இங்கே மாலை ஏழு மணி. அமெரிக்காவில் காலை.

திரையில் மூன்று பெரியவர்கள். பெல்லமி லாக் என்னும் ஊரின் வரலாற்றுக் குழு. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஊர். நடுவில் ஒரு வாய்க்கால், அதில் படகுகளை ஏற்றி இறக்க ஒரு மதகு. ஒரு காலத்தில் கோவேறு கழுதைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்தன. ரயில் வந்தது, படகு நின்றது. ஊருக்கு மட்டும் எழுந்து போக மனம் வரவில்லை.

அந்த வாய்க்காலுக்கு இப்போது இருநூறு வயது. விழா மலர் எழுதும் வேலை எப்படியோ கைமாறிக் கைமாறி புதுச்சேரிக்கு வந்து செல்வியின் மேசையில் விழுந்தது.

ஊரார் அனுப்பிய காகிதங்களில் கழுதைகளின் பெயர்கள்கூட இருந்தன. மனிதர்களைப் பற்றித்தான் ஒன்றுமில்லை. மதகின் நீளம், அகலம், ஆழம் என்று எழுதி அனுப்பினாள். எல்லாம் சரி, மனிதர்கள் எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள்.

முதலியார்பேட்டையில் செல்வியின் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஆனால் அதன் கரையில் மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லை.

செத்த எலியை யார் வாசலில் யார் தள்ளியது என்று மூன்று வருஷமாகச் சண்டை போடும் செல்வாம்பாள், மலரில் செல்மா ஆனாள். தூண்டில் போட்டு நாற்காலி பிடித்த கன்னியப்பன், கென்னத் ஆனார்.

அப்பா அம்மாவாசை, அமோஸ் ஆனார்.

பஞ்சாலை மூடிய அன்று குடிக்க ஆரம்பித்தவர், அது திறக்கட்டும் என்று காத்திருக்கிறார். வாய்க்காலில் விழாத மாதம் இல்லை. கேட்டால் ஆழம் பார்த்தேன் என்பார். மதகுக் காவலர் அமோஸ் மாதம் தவறாமல் ஆழம் அளந்தார் என்று மலரில் கௌரவமாக எழுதினாள்.

பெருவெள்ளத்தன்று அவர் தன் வீட்டு வாசல் கதவைக் கழற்றித் தெப்பமாக்கி, பதினொரு பேரைக் கரை சேர்த்தார் என்றும் எழுதினாள். அந்த இடம் வந்தபோது அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

பெல்லமி லாக்கும் அழுதது. செல்மா தன் கொள்ளுப்பாட்டிதான், ஆனால் அவ்வளவு வாய்க்காரி இல்லை என்று ஒருவர் கடிதம் போட்டார். பெயரில்லாமல் கிடந்த பாலத்துக்குப் பெயர் வைக்க ஊர் கூடி ஓட்டுப் போட்டது. பெஸ்ஸி என்ற கோவேறு கழுதையை இரண்டே ஓட்டில் அமோஸ் தோற்கடித்தார்.

காமிராவில் படாமல் நின்ற மேனேஜர் செல்வகுமார் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். '1891. மாரடைப்பு.'

இது ஒழுங்காக முடிந்தால் அதே வாய்க்கால் கரையில் இன்னும் இரண்டு ஊர்களின் வேலை கிடைக்கும். கெட்டால் செல்வி வீட்டுக்குப் போகலாம். காலையிலேயே சொல்லியிருந்தார்.

செல்வி வாயைத் திறந்தாள். அப்பாவைக் கொல்ல வாய் வரவில்லை.

அவர் சாகவில்லை, இந்த நேரத்துக்கு டீக்கடையில் இருப்பார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அமோஸ் என் அப்பா, அந்த வாய்க்கால் எங்கள் வாய்க்கால், உங்கள் ஊரில் அப்படி யாரும் இருந்ததில்லை என்றாள். மன்னிப்பும் கேட்டாள்.

"முடிச்சிட்டியேம்மா," என்று செல்வகுமார் தாளைக் கசக்கினார்.

அமெரிக்கா ஒலியை நிறுத்திக்கொண்டது. மூன்று வாய்கள் மட்டும் அசைந்தன. ஹாரியட் அம்மாள் மேசையைத் தட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்றாமவர் நடுநடுவே பெஸ்ஸி, பெஸ்ஸி என்றது உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

நான்கு நிமிடம் போனது. பிறகு ஒலி வந்தது.

இது எந்த ஊர்க் கதை என்பதை மலரின் முதல் பக்கத்திலேயே போட்டுவிட வேண்டும் என்றார் தலைவர். ஆனால் கழுதையின் பெயருள்ள பாலத்தில் தான் நடப்பதாக இல்லை என்றார். நல்ல மனிதர் எந்த ஊரில் இருந்தால் என்ன, உண்மையான பெயரையே கல்லில் வெட்டிவிடலாம். பிறந்த தேதி மட்டும் வேண்டும். இப்போதே சொன்னால் நல்லது.

செல்வி அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"யப்பா, உன் பொறந்த தேதி இன்னா?"

"இன்னாத்துக்கு?"

"அமெரிக்காவுல ஒரு பாலத்துக்கு உன் பேரு வெக்கிறாங்க."

"எனுக்கா? நான் இன்னா பண்ணேன்?"

"நீ வாசக்கதவ கழட்டுன இல்ல, அதுக்கு."

டீக்கடை இரைச்சலுக்கு நடுவே அப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு குவாட்டருக்கு வித்த கதவு. அதுக்கு இன்னும் எத்தினி ஊர்லடி என்ன அசிங்கப்படுத்துவ?"

போன புயலுக்குப் பத்து நாள் முன்பு நடந்தது அது. வெள்ளம் வந்தபோது வாசலில் சாத்துவதற்கு ஒன்றுமில்லை.

தமிழ் தெரியாத மூன்று பேரும் திரையில் பேனாவோடு காத்திருந்தார்கள். ஹாரியட் அம்மாள் செல்வியைப் பார்த்துச் சிரித்தார்.

"தேதிய சொல்லுப்பா," என்றாள் செல்வி.