கல்லுக்குழிக் கவுதாரி

"அக்கா, சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காதே. மச்சான் மறுபடி கவுதாரி பிடிக்கக் கிளம்பிட்டாரு."

சபரீஷ் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே இதைச் சொன்னான். லோகப்பிரியா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஏழு மாத வயிறு. இதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருக்கிறது.

"போடா. அவரு அதையெல்லாம் உட்டுப்போட்டாரு."

"உட்டவரு விடியக்காலம் கல்லுக்குழிப் பக்கம் எதுக்குச் சுத்தறாரு? அங்க கவுதாரி அந்தக் கத்துக் கத்துது. நீ முழுகாம இருக்கறப்ப புருசன் ஒரு உசிரைக் கொல்லலாமாக்கா? அந்தப் பக்கமே அவரை உடாதே. சொல்லிப்போட்டேன்."

தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! சூலூரில் தறிப்பட்டறையை அப்படியே போட்டுவிட்டு, அக்காவுக்காக வண்டியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அவள் கணவன் கிருபாசங்கர் ஒரு காலத்தில் கவுதாரி வேட்டையில் பெரிய கை. எங்கே சத்தம் கேட்கிறதோ அங்கே போய், பழக்கிய கவுதாரி ஒன்றைக் கூண்டோடு வைத்து, சுற்றிலும் வலை கட்டிவிட்டு ஒளிந்துகொள்வான். கூண்டில் இருப்பது கத்தும். 'எவன்டா அது என் இடத்தில்?' என்று காட்டுக் கவுதாரி சண்டைக்கு ஓடி வந்து வலையில் விழும்.

இந்தப் பிள்ளை உண்டான அன்றைக்கே கூண்டை உடைத்தெறிந்துவிட்டான். "இனி ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டேன்" என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

அந்தச் சத்தியத்தின் லட்சணம், தம்பி கிளம்பிப் போன பிறகு மாலையில் தெரிந்தது. அவன் குளிக்கப் போன சமயம் பையைத் துழாவினாள். சின்னதாக ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அவன் போனை எடுத்து, கடைசியாக ஓடியதை அழுத்தினாள். கவுதாரி கத்தியது. கூடத்தில் எதிரொலிக்க, பதறிப்போய் அமுக்கினாள்.

கூண்டுக் கவுதாரிக்குப் பதிலாக ஸ்பீக்கர். அவ்வளவுதான் வித்தியாசம்.

ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள். கேட்டுவிடலாமா? கேட்டால் மழுப்புவான். கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஆச்சு. வயிற்றுக்குள் பிள்ளையும் உதைத்துக்கொண்டே இருந்தது.

விடியற்காலையில் அவன் கிளம்பியதும் பின்னாலேயே நடந்தாள். காட்டு வேலிக்குப் பின்னால் போனும் கையுமாக அவன் குந்தியிருந்தான். எதிரே கல்லுக்குழிக்குள்ளிருந்து கவுதாரிச் சத்தம் விடாமல் கேட்டது.

"ஏனுங்க!"

கிருபாசங்கர் தூக்கிவாரிப்போட எழுந்தான். "நீ எதுக்கு இங்க வந்தே? ஊட்டுக்குப் போ அம்மணி. மொதல்ல கிளம்பு."

"என்ற தலையில கை வெச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னங்க பண்ணுவேன்?" அவளுக்கு அழுகை பொங்கியது.

"நான் பிடிக்கலை கண்ணு. சத்தியமா பிடிக்கலை. ஆளு வர்ற நேரமாச்சு, நீ போயிரு."

"எந்த ஆளு? கூட்டு வேற சேர்த்துட்டீங்களா?"

அவன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். கண் மட்டும் பாதையிலேயே இருந்தது.

"நம்ம கெணத்து மேட்டுல, வேலிக்கடியில ஒரு கவுதாரி அடைகாக்குது. கூண்டும் வலையுமா ஒருத்தன் தினமும் வாரான். அடைகாக்கற காலத்துல கூண்டு வெக்கறதில்லைன்னு எங்களுக்குள்ளயே ஒரு கட்டுப்பாடு உண்டு. இவன் அதையும் பாக்கறதில்லை. அதோட சோடிச் சேவல் கெணத்துப் பக்கமா கத்துச்சுன்னா நேரா அங்க போயிருவான். அதுக்குத்தான் இங்க குழிக்குள்ள ஸ்பீக்கரைச் சத்தமா வெச்சு அவனை இழுக்கறேன். வெயில் ஏறுனதும் வெறுங்கையோட போயிருவான்."

"அப்ப நீங்க கவுதாரியைக் கூப்பிடலீங்களா?"

"அவனைத்தான் கூப்பிடறேன்."

லோகப்பிரியாவுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. "அதுக்கு எதுக்குங்க இந்தப் பாடு? ஃபாரஸ்ட் ஆபீசுக்கு ஒரு போன் போட்டா கொண்டுபோய் உள்ள வெக்க மாட்டாங்களா?"

அவன் கை கொடுத்து அவளை எழுப்பப் பார்த்தான்.

தூரத்தில் பைக் சத்தம் கேட்டது. "கடைசியாச் சொல்றேன், போயிரு பிரியா" என்றான். குரல் கெஞ்சியது. அவள் அசையவில்லை. எந்தப் படுபாவி என்று பார்த்தே தீருவது என்று வேலி இடுக்கில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பைக் கல்லுக்குழி ஓரம் நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவன் இறங்கி, காது கொடுத்துக் கேட்டான். மளமளவென்று வலையைக் கட்டினான். பிறகு போர்வை சுற்றிய கூண்டை எடுத்து நடுவில் வைத்து, போர்வையை உருவினான்.

சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட போர்வை. சென்னிமலைக்குப் போனபோது, தம்பிக்கென்று நாலு கடை ஏறி இறங்கி அவளே பார்த்துப் பார்த்து எடுத்தது.

"இந்த நேரத்துல உனக்குத் தெரிய வேண்டாம்னு பார்த்தேன்" என்றான் கிருபாசங்கர், தலையைக் குனிந்துகொண்டு.

கல்லுக்குழியில் ஸ்பீக்கர் கத்தியது. கூண்டுக் கவுதாரி ரோஷமாகப் பதில் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, கிணற்று மேட்டுப் பக்கமிருந்து லேசாக இன்னொரு கவுதாரியின் குரல் எழுந்தது. சபரீஷ் சட்டென்று அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான்.

லோகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவனிடம் சொன்னாள்.

"ஏனுங்க, சத்தத்தை இன்னுங் கொஞ்சம் கூட்டி வையுங்க."