பெட்டிக்குள் அடங்காத பெயர்

“ராத்தா, என்ட மகன்ட பேரு அரைவாசியில நிக்கிது. ஹஸ்ரத்தும் அரைவாசியத்தானே சொல்லுவார்?”

அக்கீலா கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. பள்ளிவாசல் அலுவலக வாசலில் ஒரு சேலை முக்காடு ஓரக்கண்ணில் தெரிந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு பெயர் சரிபார்க்க வந்த ஐந்தாவது ஆள்.

தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வந்த ஒரு தோணி கவிழ்ந்தது. ஆலங்குடாவில் கரையொதுங்கிய உடல்களை அடக்கம் செய்தவர்கள், இறந்தவர்களின் விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

இருபத்து நான்கு வருடம் கழித்து அது பள்ளிவாசலின் இணையப் பக்கத்தில் ஏறியிருக்கிறது. இன்று மாலை மஃரிபைத் தொழுவித்த பின் ஹஸ்ரத் கைபேசியில் அதைப் பார்த்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லித் துஆ கேட்பார். கண்ணில் படாத பெயர் துஆவில் வராது.

நோட்டைப் பார்த்துக் கணினியில் தட்டியவர், பாங்கு சொல்லும் முஅத்தின் ஹாசிம். பக்கத்தை வடிவமைத்த அக்கீலா, பெயர்ப் பெட்டிகளின் அழகை மட்டும் பார்த்தவள். உள்ளே இருப்பதைப் படித்ததில்லை.

திரையில் ‘முஹம்மதுமிஹ்’ என்று வந்து, மூன்று புள்ளிகளோடு பெட்டியின் ஓரத்தில் நின்றது.

“ஹாசிம் காக்கா இடமே உடாமத் தட்டியிரிக்கார். மூச்சுக்கூட உடமாட்டார் போல,” என்று சிரித்தாள்.

பின்னாலிருந்து, தூங்கும் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் மட்டும் மெதுவாகக் கேட்டது.

இடைவெளியில்லாத நீளச் சொல்லை இணையப் பக்கம் மடிக்காது, மிச்சத்தை மறைத்துவிடும். அக்கீலா அப்படி மறைக்கும் கட்டளையை அழித்தாள். இடம் போதாவிட்டால் சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு இறக்கும்படி எழுதினாள். ஒரு தாயின் மனம் ஆற ஒரே ஒரு வரி.

பெட்டி கீழ்நோக்கி நீண்டது.

முஹம்மதுமிஹ்லார்வ
யதுநான்குஇடுப்பில்க
ட்டியபடிஉம்மாவும்

அக்கீலா அதை மனதுக்குள் பிரித்துப் படித்தாள். வயது நான்கு. இடுப்பில் கட்டியபடி, உம்மாவும்.

வெளியே பாலாவிப் பக்கம் ஓர் உப்பு லொறி இரைந்துகொண்டு போனது. அது போன பிறகும் அந்தத் தட்டும் சத்தம் நிற்கவில்லை.

அவள் உதட்டுக்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டாள்.

பிள்ளை பெற்ற பெண்களை ஊரில் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்: மிஹ்லார்ட உம்மா. நோட்டு எழுதியவர்களுக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்கவில்லை. இப்போது வாசலில் வந்து நிற்கிற அந்த உம்மாவும் மகனுக்காக மட்டுமே கேட்டாள்.

அக்கீலா திரும்பவில்லை. கடைசிச் சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் இடம் விட்டு, விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டாள்.

“உங்கட பேரயும் செல்லுங்க, தங்கச்சி.”