பஜார் கேசட்

"திரையை விட்டு நகரக் கூடாது" என்றார் அதிகாரி, ஐந்தாவது முறையாக.

மாளவிகா நகரவில்லை.

காலை ஒன்பதரைக்கு வந்த வீடியோ அழைப்பு. மதியம் இரண்டாகியும் முடியவில்லை. அபிராமபுரத்தில் இரண்டாவது மாடியில் தனியாகக் குடியிருப்பவள் அவள். வாசல் கதவைத் தானே போய்த் தாழிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். அதுவும் அவருடைய உத்தரவுதான்.

தண்ணீர் குடிக்கக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள். போனைக் கையில் பிடித்தபடியே போய்க் குடித்துவிட்டு வந்தாள்.

"உங்கள் கணினியில் திருட்டுப் பொருள் இருக்கிறது. நீங்கள் இப்போது கைதில் இருக்கிறீர்கள். யாரிடமும் பேசக் கூடாது."

காக்கிச் சட்டை. பின்னால் ஒரு கொடி. எழுதிவைத்துப் படிப்பது போன்ற தமிழ்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் சிரித்திருப்பாள். ஆனால் கணினியில் அது இருந்தது.

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது பழைய வீடியோ கேம்கள். எப்போதோ கடைகளிலிருந்து மறைந்துபோன இயந்திரங்களுக்காகச் செய்தவை. அந்த இயந்திரங்களைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு, எல்லாவற்றையும் இன்றைய திரையில் ஓடவைத்திருந்தாள். வாரநாளில் கல்லூரி நூலகர். சனி, ஞாயிறு முழுக்க இதே வேலை. இயந்திரம் வாரியாக, வருடம் வாரியாக ஃபோல்டர்கள். இரண்டு முறை வந்தவற்றை நீக்கி, பெயர்களைத் திருத்தி, ஒவ்வொன்றையும் ஒரு தடவையாவது திறந்து, ஓடுகிறதா என்று பார்த்து. பதினோரு வருடம்.

எவற்றை விலை கொடுத்து வாங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பயத்தின் மேல்தான் அந்த மனிதர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"போன் கேமராவைக் கணினிப் பக்கம் திருப்பி, ஃபோல்டர்களைக் கீழே நகர்த்துங்கள்."

நகர்த்தினாள்.

"நிறுத்துங்கள். அது என்ன, பஜார் கேசட்?"

சின்ன வயதில் பஜாரில் விற்ற மஞ்சள் கேசட்டுகள், ஒன்றில் நூறு கேம் என்று அட்டையில் போட்டிருக்கும், எண்ணினால் பத்துகூடத் தேறாது, என்று அவள் விளக்க ஆரம்பித்தாள்.

"திறங்கள். அந்த டேங்க் கேம். ஓடவிட்டு, சத்தத்தை முழுசாக வையுங்கள்."

ஏன் என்று கேட்கும் நிலையில் அவள் இல்லை. செங்கல் சுவர்களுக்கு நடுவே டேங்குகள் சுட்டுக்கொள்ளத் தொடங்கின. அவருடைய அறை ஸ்பீக்கரிலும் அதே இரைச்சல்.

அவர் மேசை மேல் குனிந்தார். வாய் மைக்கை ஒட்டி வந்தது.

"அக்கா, நான் போலீஸ் இல்ல. வேலைன்னு சொல்லி இட்டாந்து வேற நாட்டுல அடைச்சி வச்சிகிறானுங்க. இன்னும் செத்த நேரத்துல பேங்க் பக்கத்தத் தொறக்கச் சொல்லுவானுங்க, தொறந்துடாத. எங்கம்மா பேரு ஜெனிதா. பெசன்ட் நகர் ஓடைக்குப்பத்துல மீன் விக்குது. ஆரோக்கியராஜ் உசுரோட கீறான்னு சொல்லிடு. இப்ப கட் பண்ணு."

அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். இருபத்துநாலு, இருபத்தைந்துதான் இருக்கும். காக்கிச் சட்டையின் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது.

அவள் அழைப்பைத் துண்டித்தாள்.

தாழ்ப்பாளைத் திறந்து மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். இப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்ற செய்தியை வெட்டி, நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியது அவளேதான்.

காவல் நிலையத்தில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். பையனின் பெயரையும் எழுதச் சொல்லி இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். எழுதினார்கள். அங்கிருந்து நேராக ஓடைக்குப்பத்துக்கு ஆட்டோ பிடித்தாள்.

வேளாங்கண்ணி கோயில் பக்கம் விசாரித்ததும் கையைக் காட்டிவிட்டார்கள். சாயங்கால வியாபாரத்துக்கு இன்னும் கூட்டம் சேரவில்லை. ஜெனிதா பலகையின் முன் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதிள் சீவிக்கொண்டிருந்தாள்.

அழுவாள், மயங்கி விழுவாள், தன்னை நம்பமாட்டாள், கத்தியை வீசுவாள். வரும் வழியெல்லாம் ஒவ்வொன்றுக்கும் தயாராகியிருந்தாள் மாளவிகா.

"ஆரோக்கியராஜ் உயிரோட இருக்கார்னு சொல்லச் சொன்னார்."

கத்தி நின்றது.

"நீ நாலாவது ஆளு, கண்ணு" என்றாள் ஜெனிதா.

ஜெனிதா பக்கத்தில் இருந்த ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். உட்காரச் சொல்லவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பேசி முடிச்சப்புறம் அங்க எதுனா சத்தம் கேட்டுச்சா?"

"இல்லம்மா. உடனே கட் பண்ணிட்டேன்."

உடனே துண்டிக்கவில்லை. அந்தச் சிவப்புப் பொத்தானுக்கு விரல் போய்ச் சேர அரை நிமிடம் ஆகியிருந்தது. அதற்குள் அங்கே விழுந்த அடி அவளுக்குக் கேட்டிருந்தது.

ஜெனிதா அடுத்த மீனை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"மத்த மூணு பேரும் இதையேதான் சொன்னாங்க."