ரன் என்றால் ஓடுவது மட்டும்தான்

"ரன் எண்டால் ஓடுறது. வேற பொருள் இல்லை," என்றார் சரோஜினிதேவி.

மேல்மாடி நாகேந்திரம் பலகையில் கிடந்த எழுத்துக் கட்டைகளைப் பார்த்தார். பிறகு சரோஜினிதேவியின் முகத்தைப் பார்த்தார். நாகேந்திரத்தின் மகள் சரோஜினிதேவியிடம்தான் ஆங்கிலம் படிக்கிறாள். டிசம்பரில் அவளுக்கு ஓ.எல். சோதனை, பள்ளிப் பொதுப் பரீட்சை.

"என்ன ரீச்சர், பகிடியோ?"

"பகிடியில்லை. நான் வைச்ச சொல். எனக்குத் தெரியும்."

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி அது. மின்வெட்டு நேரத்தில் அயலவர்கள் கீழ்த்தளத்தில் சரோஜினிதேவியின் வீட்டில் கூடி, ஆங்கில எழுத்துகளால் சொல் அமைக்கும் ஸ்க்ரபிள் ஆடுவார்கள். இந்த வீட்டுக்கென்று ஒரு விதி உண்டு. ஒருவர் வைத்த சொல்லுக்கு மற்றவர் இன்னொரு பொருள் சொன்னால் மேலதிகப் புள்ளி. வைத்தவர் மறுத்தால் வாதாடி வெல்ல வேண்டும்.

விதியை உண்டாக்கியவர் சரோஜினிதேவியின் கணவர் வரதராசா. ஒரு சொல்லைப் பிடித்தால் எளிதில் விடாத மனிதர். தை மாதம் படையினரின் சுற்றிவளைப்பில் அவரைக் கொண்டுபோனார்கள், சித்திரையில் விட்டார்கள். வந்தவர் பேசவில்லை. தொண்டையில் பழுதில்லை என்றார் டொக்டர். வேலையும் போய்விட்டது. இப்போது வீடு சரோஜினிதேவியின் ரியூஷனை நம்பித்தான் இருந்தது.

இன்றும் வரதராசா பலகையின் முன்னால் இருந்தார். தன் முறை வரும்போது கட்டைகளை வைப்பார். அவ்வளவுதான்.

"கிரிக்கெற்றில உலகக் கிண்ணம் எடுத்த நாட்டில இருந்துகொண்டு ரன் தெரியாதெண்டு சொல்லலாமோ?" என்றார் நாகேந்திரம்.

"அங்கேயும் ஓடித்தானே எடுக்கிறாங்கள்?"

"சரி, என்ர புடவைக்கடையை நான் ரன் பண்ணுறன். அது?"

"கடை ஓடுது எண்டு நாங்களும் சொல்லுறம்தானே?"

"மூக்கு?"

"அதுவும் ஓடுது."

அடுத்த வீட்டுப் பிறிஜெற் சிரித்துவிட்டார். நாகேந்திரத்துக்குச் சூடேறியது.

"அப்ப தேர்தலில ரன் பண்ணுறது? அதில ஆர் ஓடுறது? எங்கட ஆக்கள் நிக்கிறவையெல்லோ!"

"அது அமெரிக்காக்காரர் விடுற பிழை. நான் ஒப்புக்கொள்ளமாட்டன்."

"அகராதியை எடுங்கோ!"

"இந்த வீட்டு ஆட்டத்தில அகராதி இல்லை. வாயால வெல்லவேணும்."

பிறிஜெற் நாகேந்திரத்தின் பக்கம் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினாலும் எல்லோருக்கும் கேட்டது.

"போன கிழமை 'செற்' எண்டதுக்கும் ஒரு பொருள்தான் எண்டு நிண்டவ. அதைக் கேள்விப்பட்டு, ரியூஷனுக்கு வந்த கிருலப்பனைப் பிள்ளையள் ரெண்டும் வராமல் நிண்டிட்டுதுகள். மனுசன் இந்த நிலையில இருக்கிறார், இவவுக்கு விளையாட்டும் வீம்பும்."

சரோஜினிதேவி திரும்பிப் பார்க்கவில்லை. பலகையில் சற்றே விலகியிருந்த ஒரு கட்டையை விரலால் நேராக்கினார்.

"நீங்கள் ஆரும் வேற பொருள் சொல்லப் போறியளோ? இல்லாட்டி எனக்குத்தான் புள்ளி."

நாகேந்திரம் எழுந்துவிட்டார்.

"ரீச்சர், மரியாதைக்காக இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனான். நாளையில இருந்து மகளை அனுப்பமாட்டன். பிள்ளையின்ர சோதனையோட விளையாடேலாது. தெரிஞ்ச ஆக்களுக்கும் சொல்லத்தான் போறன். இங்கிலீசே தெரியாத ஒராளிட்ட..."

"அவவுக்குத் தெரியும்."

துருப்பிடித்த கதவு திறப்பது போலிருந்தது குரல். பேசியது யாரென்று தெரியாமல் நாகேந்திரம் பிறிஜெற்றின் பக்கம் திரும்பினார். பிறிஜெற் வாயைப் பொத்திக்கொண்டு வரதராசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரதராசா பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார்.

"எல்லாப் பொருளும்... தெரியும். பிழையாய்ச் சொன்னால் நான்... பொறுக்கமாட்டன். வாய் திறப்பன் எண்டு... அதுக்காகத்தான்... இவ்வளவு நாளும்."

நாகேந்திரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ரீச்சர்... நான் தெரியாமல்..."

சரோஜினிதேவி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். கண்கள் நிறைந்திருந்தன; துடைக்கவில்லை. நாற்காலியைக் கணவரின் பக்கம் திருப்பிப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆர் சொன்னது எனக்குத் தெரியுமெண்டு? ரன் எண்டால் ஓடுறது மட்டும்தான். இல்லையெண்டால், நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்."