ஒளியாமல் நடந்த பாதை

“சீமாட்டிகளே, கனவான்களே, நம் தேசத்தின் சுதந்திரம் இன்று இந்த மண்டபத்தில் விசாரிக்கப்படுகிறது” என்று அறிவித்தார் மார்ட்டிமர் டாப்ஸ்காட்.

விசாரிக்கப்பட இருந்தது ஓர் ஒற்றையடிப் பாதை. கிட்டில்கோம் தேவாலயத்தின் பின்னால் தொடங்கி, திருமதி வாய்சியின் மேய்ச்சல் நிலத்தைக் கடந்து, பக்கத்து ஊரான ஸ்னேப்டனின் பள்ளிக்கூடத்தில் முடிவது. டாப்ஸ்காட் ஊர் மன்றத் தலைவர். வீட்டில் பால் தீர்ந்துபோனதைக்கூட அறிக்கையாகத்தான் வெளியிடுவார்.

வசந்த காலத்தில் திருமதி வாய்சி நிலத்தின் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். அன்று முதல் எல்லோரும் கல் லாரிகள் ஓடும் சாலையோரமாகத்தான் போக வேண்டும். பள்ளிச் சமையற்காரி நோராவின் சைக்கிளை ஒரு லாரி தட்டிவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் சட்டம் எளிமையானது. அடுத்தவர் நிலத்தில் இருபது வருடம் கதவை உடைக்காமல், அனுமதி கேட்காமல், ஒளியாமல் ஊரார் நடந்திருந்தால் அது பொதுப்பாதை. மற்ற சாட்சிகள் சில வருடங்கள் நடந்துவிட்டு முழங்கால் வலி வந்து நின்றவர்கள். இருபதையும் விடாமல் நடந்ததாகச் சொன்னவர் தலைவர் மட்டும்தான். அவர் சாட்சி விழுந்தால் பாதையும் விழும்.

திருமதி வாய்சியின் வக்கீல் கிரிம்ஷா எழுந்தார்.

“சர்ச்சுக்கே கார்ல போறவர் நீங்க. வாராவாரம் இந்தச் சேத்துல நடந்தீங்கன்னு நாங்க நம்பணுமா?”

“நடந்தேன்.”

“யாராவது பார்த்தாங்களா?”

“இல்ல. பொழுது சாஞ்ச பிறகுதான் போவேன்.”

“டார்ச்?”

“பழக்கமில்ல.”

“இருட்டுல, விளக்கில்லாம, வாராவாரம் ஸ்னேப்டனுக்கு. அப்படி என்ன சார் வேலை?”

“பறவைகளைக் கவனிக்கிறது...”

“இருட்டுலயா?”

“ஆந்தைங்க” என்றார் தலைவர். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

கிரிம்ஷா விசாரணை அதிகாரி ஹால்டேன் பக்கம் திரும்பினார். “ஐயா, இவர் நடக்கவே இல்ல. பேர் வாங்கறதுக்காகக் கட்டின கதை.”

ஹால்டேன் கண்ணாடியைக் கழற்றினார். “மிஸ்டர் டாப்ஸ்காட், நம்பற மாதிரி ஒரு காரணம் சொல்லுங்க. இல்லேன்னா உங்க சாட்சியத்தை நான் ஒதுக்கித்தான் ஆகணும்.”

தலைவர் நோராவின் மாவுக்கட்டைப் பார்த்தார். இரண்டாம் வரிசையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த மனைவி மியூரியலைப் பார்த்தார். பிறகு தன் காலணியைப் பார்த்தார்.

“அங்க ஒருத்தர் பூசணிக்காய் பயிர் பண்றார்” என்றார்.

ஆகஸ்ட் மாதக் காய்கறிக் கண்காட்சியில், ஊரிலேயே பெரிய பூசணிக்காய்க்கான வெள்ளிக் கோப்பை இருபது வருடங்களாக டாப்ஸ்காட் வீட்டில்தான் இருக்கிறது. அதை வாங்கும்போதெல்லாம் அவர் மண்ணின் தூய்மையைப் பற்றியும் மனிதனின் நேர்மையைப் பற்றியும் நீண்ட உரை ஆற்றுவார்.

“வாராவாரம் போய் எது நல்லா பெருசாகுதுன்னு பார்த்துட்டு வருவேன். கண்காட்சிக்கு முந்தின நாள் காசு குடுத்து வாங்கி, தள்ளுவண்டியில ஏத்தி, மேல போர்வையைப் போட்டு...”

“உங்க தோட்டத்துல என்னதான் விளையும்?” என்று கேட்டார் ஹால்டேன்.

“நத்தை.”

காது மடலில் தொடங்கிய சிவப்பு அவர் கழுத்துப் பட்டிக்குள் இறங்கியது. மியூரியலின் ஊசிகள் மட்டும் நிற்கவில்லை.

கிரிம்ஷா சிரித்தார். “நடந்திருக்கீங்க, ஒத்துக்கறேன். ஆனா இருட்டுல, விளக்கில்லாம, போர்வையைப் போட்டு மூடி. இதுக்குப் பேர்தான் ஒளிஞ்சு நடக்கறது. ஒளிஞ்சு நடந்தா கணக்குல வராது. பாதை இல்ல, ஐயா.”

நோரா தலையைக் குனிந்துகொண்டாள். மானத்தை விற்றுப் பாதையை வாங்கப் பார்த்த தலைவர், இரண்டும் இல்லாமல் நின்றார்.

அப்போது வக்கீலுக்குப் பின்னாலிருந்து திருமதி வாய்சி எழுந்தார்.

“யாரு ஒளிஞ்சது, இவரா? இருபது வருஷமா என் பூசணிக்கு ரெண்டாம் பரிசு, மிஸ்டர் கிரிம்ஷா. இந்த மனுஷன் என் நிலத்து வழியா மூச்சு வாங்க வண்டி தள்ளிட்டு வர்றதை வருஷா வருஷம் மாடி ஜன்னல்லேருந்து பார்க்கறேன். விருந்தாளிங்களுக்கு நாற்காலி போட்டு, டீ குடுத்துக் காட்டியிருக்கேன்.”

“மேடம், தயவுசெஞ்சு உட்காருங்க.”

“எதுக்கு உட்காரணும்? ஊருக்கே தெரியும். கேட்டுப் பாருங்க.”

ஹால்டேன் பேனாவைக் கீழே வைத்தார். “முன்னாடியே தெரிஞ்சவங்க கை தூக்கலாம்.”

கொஞ்ச நேரம் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு நோராவின் நல்ல கை உயர்ந்தது. பாதிரியார் கை. பின்வரிசை முழுவதும். வருடா வருடம் கோப்பையை எடுத்துக் கொடுத்த நடுவரின் கை, மன்னிப்புக் கேட்பது போல, பாதி.

“யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே” என்றார் டாப்ஸ்காட்.

“எப்படிச் சொல்றது தலைவரே” என்றாள் நோரா. “நல்லாவா இருக்கும்?”

மியூரியல் பின்னலை மடியில் வைத்துவிட்டுக் கை தூக்கினாள்.

அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. திரு. டாப்ஸ்காட் பூசணிக்காய் கொண்டுவந்தது எக்காலத்திலும் எவருக்கும் ரகசியமாக இருந்ததில்லை என்பதால், அது பொதுப்பாதை.